பாளையம் பலகைக்குள் அடங்கிய விதம்: ஒரு பஸ் போர்டின் நிகழ்வு ஆய்வு

கொங்கு நாட்டில் பலகை எழுதுகிறவர்களுக்கு ஊர்ப்பெயர்களே பெரிய வேலை. மேட்டுப்பாளையம், குமாரபாளையம், கோபிசெட்டிபாளையம், பெரியநாயக்கன்பாளையம் என்று திரும்பிய பக்கமெல்லாம் பாளையம். பேச்சில் கோபிசெட்டிபாளையத்தைக் கோபி, சத்தியமங்கலத்தைச் சத்தி என்று சுருக்கிக்கொள்வோம். பலகையில் அப்படி எல்லாப் பெயரையும் சுருக்க முடியாது. மேட்டுப்பாளையத்தை எங்கே வெட்டுவது? முன்பாதியை மட்டும் எழுதினால் மேட்டூர் என்று நினைத்து ஏறிவிடுவார்கள். இரண்டும் ஒரே வட்டாரத்து ஊர்கள். ஒன்று நீலகிரி அடிவாரம், மற்றது அணைக்கட்டு.

போன வருடம் எனக்கு வந்த வேலை இதுதான். கோபியிலிருந்து சத்தி, சிறுமுகை வழியாக மேட்டுப்பாளையம் போகும் ஒரு தனியார் பஸ். வண்டிக்குப் புதிதாக பெயின்ட் அடித்து, நெற்றி போர்டையும் மாற்றியிருந்தார்கள்: போகும்போது மேட்டுப்பாளையம், திரும்பும்போது கோபிசெட்டிபாளையம். ஸ்டிக்கர் கடையில் போட்டது. பளபளவென்று இருந்தது, ஆனால் தூரத்திலிருந்து படிக்க முடியவில்லை. வண்டி கிட்டே வந்த பிறகுதான் ஜனங்கள் கை காட்டுகிறார்கள் என்று டிரைவரும் கண்டக்டரும் சொல்லியிருக்கிறார்கள்.

ஓனர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, எழுத்து ஒல்லியா இருந்தாலும் பரவாயில்லீங். ஊர் பேரு முழுசா இருக்கோணும், தூரத்துல தெரியோணும்" என்றார். பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் (தீமிதி) வருகிறது, அதற்குள் வேண்டும் என்றும் சொன்னார். அந்த நாட்களில் சத்தி பஸ் ஸ்டாண்டில் வெளியூர்க் கூட்டம் இருக்கும். பஸ்ஸின் நிறத்தைப் பார்த்தே வழித்தடத்தைத் தெரிந்துகொள்ளும் உள்ளூர்க்காரர்களுக்கு போர்டு அவ்வளவு முக்கியமில்லை. வெளியூர்க்காரருக்கு அது ஒன்றுதான் கதி.

பலகையை இறக்கி அளந்தேன். அகலம் 1220 மி.மீ., அதாவது 4 அடி. உயரம் 250 மி.மீ. கறுப்புத் தரையில் மஞ்சள் எழுத்து. நிறத்தில் குறையே இல்லை. குறை எழுத்தில் இருந்தது. பகரத்தை எடுத்துக்கொண்டால், இரண்டு பக்கமும் நிற்கும் நேர்க்கோடு 16 மி.மீ. தடிமன், கீழே படுத்திருக்கும் அடிக்கோடு 26 மி.மீ. மகரம், யகரம், டகரம் எல்லாம் அதே கதை. அடிப்பக்கம் கனத்து, கால்கள் மெலிந்து, எழுத்துகள் சேற்றில் புதைந்தவை போல இருந்தன.

காரணம் தெரிந்ததுதான். கடையில் கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருளைத் திறந்து, வழக்கமான தடித்த தமிழ் எழுத்துருவில் பெயரைத் தட்டியிருக்கிறார்கள். பலகைக்குள் அடங்கவில்லை. ஓரத்துக் கைப்பிடியைப் பிடித்து உள்ளே தள்ளி, கடை மொழியில் சொன்னால் 'அமுக்கி', 62 சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அகலவாக்கில் அமுக்கினால் நேர்க்கோடுகள்தான் மெலியும், படுக்கைக்கோடுகள் அப்படியே இருக்கும். 26 மி.மீ. கால் 16 ஆனது அப்படித்தான்.

இதில் கடைக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அவரிடம் இருந்த தமிழ் எழுத்துருக்களில் ஒடுங்கிய வகை ஒன்றுகூட இல்லை. ஸ்டிக்கர் கடைகளில் பெரும்பாலும் யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருக்கள்தான் ஓடுகின்றன. பழைய கோரல் பதிப்புகளில் யூனிகோடு தமிழைப் போட்டால் கொம்பு இடம் மாறி விழும். அதனால் மாறவும் தயக்கம். பழைய தொகுப்புகளில் சாதாரணம், தடிப்பு என்று இரண்டு கிடைத்தாலே பெரிது.

ஆங்கிலத்துக்கு இந்தப் பஞ்சம் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் சுவரொட்டி அச்சடித்தவர்கள் மர அச்செழுத்துகளில் தொடங்கி வைத்த வழக்கம் அது: அகலம் குறைவு, சொல் நீளம், ஆனால் தெருவே பார்க்க வேண்டும். மோரிஸ் ஃபுல்லர் பென்டன் 1903இல் வரைந்த ஆல்டர்நேட் காதிக் என்ற ஒடுங்கிய எழுத்துரு இன்றும் லீக் காதிக் என்ற பெயரில் புது உருவில் புழங்குகிறது. 1965இல் ஷெஃபீல்டின் ஸ்டீபன்சன் பிளேக் வார்ப்பகத்துக்காக ஜெஃப்ரி லீ வரைந்த இம்பாக்ட் பிறகு விண்டோஸோடு சேர்ந்தே வந்து ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. இலவசமாகக் கிடைக்கும் ஆஸ்வால்ட், ஆன்டன், பேபாஸ் நோயே எல்லாம் அதே குடும்பம். இவற்றை வரைந்தவர்கள் யாரும் அகலமான எழுத்தை அமுக்கவில்லை. கோட்டின் தடிமனை முதலில் முடிவு செய்துவிட்டு, உள்ளே இருக்கும் காலி இடத்தைத்தான் குறைத்தார்கள். இம்பாக்டில் ஓ எழுத்தைப் பாருங்கள். நடுவில் இருக்கும் வெள்ளை ஒரு கீறல் மாதிரி இருக்கும், இரண்டு பக்கக் கறுப்பும் அதைவிட அகலம்.

ஆங்கிலத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. பெரிய எழுத்துகளில் மட்டும் எழுதினால் மேலேயும் கீழேயும் எதுவும் நீட்டாது. 250 மி.மீ. பலகையில் 200 மி.மீ. உயரத்துக்கு எழுதிவிடலாம். தமிழில் மேலே புள்ளிக்கும் மேல்விலங்குக்கும் ('பி'யின் மேல்வளைவு) இடம் வேண்டும், கீழே கீழ்விலங்குக்கு ('பு'வின் கீழ்க்கோடு) இடம் வேண்டும். அதே பலகையில் பகரத்தின் உயரம் 125 மி.மீ.தான் இருந்தது. ஓர் அங்குல எழுத்து பத்தடி தூரத்துக்கு நன்றாகப் படிக்கும் என்பது பலகைத் தொழிலில் பழைய கணக்கு, அதுவும் ஆங்கிலப் பெரிய எழுத்துக்குச் சொன்னது. 125 மி.மீ. என்றால் 5 அங்குலம், 50 அடி. மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் பஸ் ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கும். 50 அடியைத் தாண்ட ஒன்றரை நொடிகூட ஆகாது. அதற்குள் படித்து, நம்ம வண்டிதான் என்று தெளிந்து, கையைத் தூக்க வேண்டும்.

ஆக, வேலை இரண்டு: எழுத்து உயரமாக வேண்டும், அதே சமயம் ஒடுங்கவும் வேண்டும்.

பெயின்டர் ஐயாவிடம் கேட்டது

கோபியில் நாற்பது வருடம் பஸ்ஸுக்கும் சுவருக்கும் எழுதிய பெயின்டர் ஒருவர் இருக்கிறார். கை நடுங்குகிறது என்று இப்போது எழுதுவதில்லை. அமுக்கின போர்டை போட்டோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, பிரஷ் ஒண்ணுதானே இருக்குது? கோடு எப்படி ரெண்டு தடிமனா வரும்?" என்று கேட்டார்.

நான் அளவுகோலை வைத்துக் கண்டுபிடித்ததை அவர் ஒரே கேள்வியில் சொல்லிவிட்டார். பட்டை பிரஷ்ஷில் எழுதுகிறவர் சொல் நீளமாக இருந்தால் எழுத்துகளை நெருக்குவார். பிரஷ்ஷை மாற்ற மாட்டார். ஒரே பிரஷ் மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஓடுவதால் கோடு ஒரே தடிமனாக நிற்கும். அந்த ஒழுக்கத்தை அவருக்குக் கருவியே கொடுத்தது. கம்ப்யூட்டரில் அது இல்லை, அதனால் நாமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் சொன்னார். சுண்ணாம்புக் கட்டியில் எழுத்தை அடையாளம் போடும்போது அவர் எழுத்தை எண்ணுவதில்லை, காலை எண்ணுவாராம். "டகரத்துக்கு ஒரு காலு, பகரத்துக்கு ரெண்டு, யகரத்துக்கு மூணு. எடத்தை எழுத்துக்குப் பங்கு போட்டா யகரம் அடைச்சுக்கும், டகரம் ஓட்டையா நிக்கும். காலுக்குப் பங்கு போடோணும்." எழுத்துரு வடிவமைப்பைப் பற்றி நான் கேட்டதிலேயே இவ்வளவு உபயோகமான பேச்சு வேறு இல்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக எண்ணினேன். கோபிசெட்டிபாளையம் ஒன்பது எழுத்து. கொம்பு, துணைக்கால் எல்லாம் தனித்தனியாகப் பிரித்தால் 14 உருவங்கள். நேர்க்கோடுகள் 30க்கு மேல்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். இந்த 14இல் ஒன்று நம் வட்டாரத்திலேயே தொடங்கிய ஒரு மாற்றத்தால் கூடியது. 1978க்கு முன் 'ளை' இரண்டு துண்டாக இருக்காது. ளகரத்தின் தலையிலேயே யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு ஒட்டிக்கொண்டு, ஒரே உருவமாக நிற்கும். பெரியார் ஈரோட்டில் 1925இல் தொடங்கிய குடிஅரசு இதழில் 1935இல் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தார். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1978இல் அது அரசாணை ஆனது. ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலிய 13 எழுத்துகள் மற்ற எழுத்துகளைப் போலவே ஒழுங்குக்கு வந்தன. குழந்தைகள் படிக்கவும் அச்சுக் கோக்கவும் அது பெரிய விடுதலை, எனக்கு அதில் மாற்றுக்கருத்தே கிடையாது. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு பாளையமும் பலகையில் ஓர் இணைக்கொம்பு (ளகரத்துக்கு முன்னால் நிற்கும் 'ை') அளவுக்கு நீண்டது. அந்த இடத்தை வடிவமைப்பில்தான் திருப்பி எடுக்க வேண்டும்.

முதல் முயற்சியும் அதன் தவறும்

இப்போது ஒடுங்கிய தமிழ் எழுத்துரு இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரே கோப்பில் தடிமனையும் அகலத்தையும் நாமே நகர்த்தக்கூடிய மாறும் எழுத்துருக்கள் 2016இல் அறிவிக்கப்பட்டதிலிருந்து நிலைமை மாறியிருக்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் 62.5 சதவீத அகலம் வரை ஒடுங்கும். ஏக் டைப் என்ற எழுத்துரு நிறுவனம் வெளியிட்ட அனெக் தமிழ் 75 வரை ஒடுங்கும், 125 வரை விரியும். இரண்டும் இலவசம், மாற்றி வரையவும் உரிமம் இடம் கொடுக்கிறது. என் கண்ணுக்கு அனெக்கின் ஒடுங்கிய தடிப்பு ரொம்பப் பிடித்தது. சுழிகள் மூடிக்கொள்ளாமல் மூச்சு விடுகின்றன. இன்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் பெயரைத் தட்டி, கோடுகளாக மாற்றி, கோரலுக்கு அனுப்பினால் கொம்பு தவறும் பிரச்சினையும் தீர்ந்தது. ஸ்டிக்கர் கடை நடத்தும் யாரும் இன்றைக்கே இதைச் செய்யலாம். முக்கால்வாசிப் பலகைகளுக்கு இதுவே போதும்.

எங்கள் பலகைக்குப் போதவில்லை. அகலம் அடங்கியது, உயரம் கிடைக்கவில்லை. எழுத்துருவுக்கு எல்லா எழுத்துக்கும் மேலும் கீழும் இடம் விட்டாக வேண்டும். பலகைக்கு அதில் வரும் சொல் மட்டும் போதும். கோபிசெட்டிபாளையம் என்ற பெயரில் அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கும் எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. கீழே விட்ட இடம் முழுக்க வீண். அதனால் அனெக்கை அடியில் வைத்து, வேண்டிய எழுத்துகளை மட்டும் மறுபடி வரைய முடிவு செய்தேன்.

கீழே இருந்த இடத்தை எழுத்துக்குக் கொடுத்தாயிற்று. மேலே புள்ளி இருக்கிறதே? அங்கேதான் தவறு செய்தேன்.

டகரம் ஒரு மூலைமட்டம் மாதிரி: இடதுபக்கம் ஒரு கால், கீழே ஒரு கோடு, வலதுபக்கம் மேலே காலி. அந்தக் காலி இடத்தில் புள்ளியை இறக்கி வைத்தால் 'ட்' அழகாக உட்கார்ந்துகொண்டது. பகரத்துக்கும் மேல்வாய் திறந்துதானே இருக்கிறது என்று 'ப்' எழுத்திலும் புள்ளியைப் பாதி உள்ளே இறக்கினேன். திரையில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. காகிதத்தில் முழு அளவுக்கு அச்சிட்டு, மேட்டுப்பாளையம் பலகையை வீட்டு வாசலில் மாட்டி, தெருக்கோடியில் போய் நின்று பார்த்தேன். 'மேட்டுய்பாளையம்' என்று இருந்தது.

எழுத்து தடித்திருப்பதால் பகரத்தின் இரண்டு கால்களுக்கு நடுவே இருப்பதே கொஞ்சம் இடம். அதில் ஒரு கறுப்பு இறங்கினால் தூரத்துக்கு அது மூன்றாவது கால். மூன்று கால் என்றால் யகரம். பெயின்டர் ஐயா சொன்ன கணக்கேதான். கண்ணும் காலைத்தான் எண்ணுகிறது.

அதோடு இன்னொன்றும் தெரிந்தது. பக்கத்து வீட்டு அம்மா தண்ணீர் பிடித்துக்கொண்டு வரும்போது பலகையைப் பார்த்துவிட்டு, "மேட்டூர் பஸ்ஸுங்களா கண்ணு?" என்று கேட்டார். பெயரின் முற்பாதியை மட்டும் பார்த்திருக்கிறார். டு, டூ இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு வளைவுதான், நான் ஒடுக்கிய ஒடுக்கில் டுகரத்தின் சுழி அடைத்துப்போய் எதுவாகவும் இருக்கலாம் என்று நின்றது. இந்தப் பெயரில் எழுத்துக்கு எழுத்து ஒரே மதிப்பு இல்லை. பாளையம் என்பதைப் பாதி மறைத்தாலும் கொங்கு நாட்டில் படித்துவிடுவார்கள். உயிர் இருப்பது டு என்ற ஒரே எழுத்தில்.

இரண்டாவது வரைவு

புள்ளிகளை எல்லாம் மேலேயே ஏற்றிவிட்டேன். ஒரே உயரத்தில் வரிசையாக இருந்தால்தான் கண் அவற்றைப் புள்ளி என்று எடுத்துக்கொள்கிறது. டகரத்தில் அழகாக உட்கார்ந்ததையும் தியாகம் செய்ய வேண்டியதாயிற்று. உயரத்தை வேறு வழியில் பிடித்தேன். புள்ளியை முழு வட்டமாக வைக்காமல், 24 மி.மீ. அகலமும் 20 மி.மீ. உயரமுமாகக் கொஞ்சம் தட்டையாக்கினேன். எழுத்துக்கும் புள்ளிக்கும் நடுவே 9 மி.மீ. மட்டும். மேல்விலங்கின் வளைவையும் அதே உயரத்துக்கு இறக்கினேன். கடைசியில் பகரத்தின் உயரம் 125இலிருந்து 155 மி.மீ.க்கு வந்தது. ஆறு அங்குலத்துக்கு மேல்.

அகலத்துக்குக் கால் கணக்கு. ஓரம் போக 1190 மி.மீ. சராசரி 22 மி.மீ. தடிமனில் கோபிசெட்டிபாளையத்தின் 32 கால் என்றால் 704 மி.மீ. கறுப்பு (காகித அச்சில் எழுத்து கறுப்பு, பலகையில் மஞ்சள்). மிச்சம் 486 மி.மீ., கால்களுக்கு நடுவே ஏறக்குறைய 15 மி.மீ. வெள்ளை. கோட்டைவிட வெள்ளை ஒடுக்கம், இம்பாக்ட் நிற்கிற அதே இடம். அதற்குமேல் தடிக்க வைத்தால் தமிழ் தாங்காது என்று நினைக்கிறேன், சுழிகள் செத்துவிடும்.

எல்லாக் காலும் 22 என்று வைத்துவிடவில்லை. மூன்று கால் உள்ள யகரம் அப்படி வைத்தால் கறுப்புக் கட்டியாகத் தெரிகிறது. பகரத்துக்கும் டகரத்துக்கும் 24, மகரத்துக்கு 22, யகரத்துக்கும் இணைக்கொம்புக்கும் 20. பக்கத்தில் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியும், பத்து மீட்டரில் எல்லாம் ஒன்றாகிவிடும். படுக்கைக்கோடுகளை 20க்குள் நிறுத்தினேன். துணைக்காலை நன்றாக ஒடுக்கினேன். அது தனியாகச் சொல்ல எதுவும் இல்லாத எழுத்து, முந்தியதை நீட்டிவிட்டுப் போகிறது. அதில் மிச்சமான இடத்தை மேட்டுப்பாளையம் பலகையில் டுகரத்துக்குக் கொடுத்து, சுழியைத் திறந்து வைத்தேன். அந்த ஒரு எழுத்து மற்றவற்றைவிடக் கொஞ்சம் அகலம்தான். யாரும் கவனிக்கவில்லை, ஆனால் அடுத்த முறை யாரும் மேட்டூரா என்று கேட்கவும் இல்லை.

கீழே 'வழி: சத்தியமங்கலம், சிறுமுகை' என்ற சின்ன வரி தனிப் பட்டையில். அதையும் இதே எழுத்தில் போடுங்கள், ஒரே மாதிரி இருக்கும் என்றார் ஓனர். "அண்ணா, இந்த எழுத்து பெருசா நிக்கறதுக்குன்னே வரைஞ்சதுங்ணா. சின்னதாக்குனா அடைச்சுக்கும்" என்று சொல்லி, சாதாரண அகலத்தில் நடுத்தரத் தடிப்பாகப் போட்டேன். ஆங்கிலப் பெயரை ஆஸ்வால்டில், பகரத்தின் உயரத்தில் பாதிக்கு வைத்தேன். பெரிய எழுத்துகள் இடத்தை முழுசாக நிரப்புவதால் சம உயரம் கொடுத்தால் ஆங்கிலம்தான் முதலில் கண்ணில் படும். கோபியில் பஸ் ஏறுகிறவருக்குத் தமிழ்தான் முதலில் பட வேண்டும்.

வெட்டும்போது தெரிந்தவை

ரேடியம் ஸ்டிக்கரைப் பிளாட்டர் என்ற வெட்டும் இயந்திரத்தில் வெட்டி, வேண்டாததைக் கிள்ளி எடுக்கும்போது ளகரச் சுழியின் உட்துண்டு ஊசிமுனையில் சரியாகப் பிடிபடவில்லை. அதை இழுத்தால் சுற்றியிருக்கும் எழுத்தும் சேர்ந்து கிளம்பியது. சுழியின் உள்வெளியை 7 மி.மீ.க்குக் குறையாமல் மறுபடி திறந்தேன். கூர்மையான மூலைகளை எல்லாம் 2 மி.மீ. உருட்டிவிட்டேன். சித்திரை வெயிலில் ஸ்டிக்கர் தூக்க ஆரம்பிப்பது மூலையில்தான். உருட்டிய மூலை அதைத் தாங்கும். இதுவும் பெயின்டர் ஐயா பிரஷ்ஷில் இயல்பாகவே செய்தது, பழைய பலகைகளைப் பார்த்தால் ஒரு மூலைகூடக் கத்திமுனையாக இருக்காது.

குண்டத்துக்கு நான்கு நாள் முன்னால் போர்டை மாட்டினோம். சத்தி பஸ் ஸ்டாண்டில் காலை வெளிச்சத்திலும் விளக்கு போட்ட பிறகும் நின்று பார்த்தேன். வண்டி திரும்பி உள்ளே நுழையும்போதே பெயர் தெரிந்தது. மாலையில் ரேடியத்தில் எதிர்வண்டி வெளிச்சம் பட்டால் இணைக்கொம்பு மட்டும் கொஞ்சம் கூசுகிறது, இரண்டு சுழியும் ஒன்றோடொன்று ஒட்டிவிடுகின்றன. அடுத்த பலகையில் அதன் தடிமனை 18க்கு இறக்கப்போகிறேன்.

ஓனர் இரண்டாவது வண்டியையும் ஒப்படைத்துவிட்டார். அது கோவை போகிற வண்டி, வழியில் வரும் ஊரைப் பெரிதாகப் போட வேண்டும் என்கிறார்: புன்செய்ப்புளியம்பட்டி. பன்னிரண்டு எழுத்து, அதில் ஐந்து புள்ளி. பு இரண்டு தடவை கீழே இறங்குகிறது, ளி, டி மேலே ஏறுகின்றன. நடுவில் ய், ப் இரண்டும் அடுத்தடுத்து. மூன்று காலும் இரண்டு காலும் சேர்ந்து ஐந்து கால் வேலி மாதிரி நிற்கின்றன. அந்த இரண்டுக்கும் நடுவே எத்தனை மி.மீ. விட்டால் வேலி பிரியும் என்று மூன்று அளவில் அச்சிட்டு வாசலில் மாட்டியிருக்கிறேன். ஐயாவை நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.